எந்தக் காற்று?

'காத்துல வந்துடுச்சு' என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் கோபம் தலைக்கு ஏறுகிறது. டீக்கடையில் சொன்னாலும் சரி, கல்யாணப் பந்தியில் சொன்னாலும் சரி, "எந்தக் காத்து? எந்தப் பக்கத்துக் காத்து? எத்தன மணிக்கு அடிச்ச காத்து?" என்று மடக்கிவிடுகிறேன். விருத்தாசலத்தில் பாதிப் பேர் என்னைக் கிறுக்கன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கட்டட்டும். இந்தக் கேள்வி என்னுடையது இல்லை. இரண்டு கடலைப் பட்டம் எங்கள் பக்கம் இருந்துவிட்டுப் போன ஒரு அம்மாளுடையது. அவர் போன பிறகு கேள்வியை நான் வைத்துக்கொண்டேன். கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் வாயை மூடிக்கொண்டு நின்றவன், இப்போது கண்ட இடத்தில் கேட்டுக்கொண்டு திரிகிறேன்.

பீங்கான் பேட்டையில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. வீட்டு மின்பெட்டியில் செருகுகிற வெள்ளை பீஸ் கட்டைதான் முக்கியச் சரக்கு. கார்த்திகைக்கு அகல் விளக்கும் போடுவோம். ஒரு மாசி மாதக் காலையில் அவர் நேராகச் சூளை வாசலுக்கே வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். காட்டன் புடவை, முதுகில் காலேஜ் பிள்ளைகள் மாட்டுகிற பை, காலில் ஆண்கள் போடுகிற பூட்ஸ்.

"உள்ளங்கை அகலத்துல வெள்ளத் தட்டு வேணும் சார். நூறு. நடுவுல லேசா குழி. கிளேஸ்ல ஒரு புள்ளி இருக்கக் கூடாது" என்றார்.

"சாமிக்கு வெக்கிறதா மேடம்?"

"காத்துக்கு வெக்கிறது."

தட்டில் வாசலின் களிம்பு தடவிக் கம்பத்து உச்சியில் வைப்பார். காற்றோடு போகிற மகரந்தம், பூஞ்சணத் தூள் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். எடுத்துவந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ணுவார். எண்ணியதைத் தன் லேப்டாப்பில் இருக்கிற கணக்கோடு ஒத்துப் பார்ப்பார். அந்தக் கணக்குதான் அவருடைய உத்தியோகம். எங்கள் வட்டாரத்தின் வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எவ்வளவு வேகம், எந்தத் திசை, தரையில் எப்படி, பனை உயரத்தில் எப்படி என்று போட்டு வைத்திருந்தார். ஒரு விதையை, ஒரு பூத்தூளை இங்கே விட்டால் எங்கே போய் விழும் என்று அது சொல்லும். ஸ்ரீமுஷ்ணம் பக்கம் பிறந்தவர், எங்கள் பேச்சுதான் அவருக்கும். பட்டறையில் எல்லோரும் அவரைக் காத்து மேடம் என்றுதான் கூப்பிட்டோம், நேரிலேயே. அதற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

கோபம் வேறு விஷயத்துக்கு வரும். முதல் தடவை கொடுத்த தட்டுகளில் முக்கால்வாசியைத் திருப்பிக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் பளபளப்புப் பூச்சான கிளேஸுக்குள் கடுகளவு கறுப்புப் புள்ளி.

"தூசிதான் மேடம். காத்துல வந்து ஒட்டியிருக்கும்" என்றேன்.

"எந்தக் காத்து சார்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்க வாசல் வடக்கப் பாத்து இருக்குது. நேத்து பூரா காத்து தெக்கேருந்து. வாசல் வழியா எதுவும் வரல. பின்னால மண்ணு சலிக்கிறீங்கல்ல, அங்கேருந்து வந்திருக்குது. உங்க வேலைய நீங்க சரியாப் பண்ணாம காத்து மேல பழியப் போடாதீங்க."

என் பட்டறையில், என் ஆட்களுக்கு முன்னால். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால் சலிக்கும் இடத்தை மாற்றியதும் புள்ளி நின்றுவிட்டது. அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள் பட்டறைக் கதவுகளை அடைத்து, ஃபேன்களை நிறுத்தச் சொன்னார். ஏணியில் ஏறிக் கூரையைத் தொட்டுக்கொண்டு, எருக்கங்காய்ப் பஞ்சை ஒவ்வொரு விதையாக விட்டார். கீழே வந்து சேர எத்தனை வினாடி என்று போனில் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஒரு விதைக்குப் பத்துத் தடவை. சூளை ஒரு பக்கம் எரிகிறது, ஏழு பேர் வியர்வையில் குளிக்கிறோம். பேக்கிங் செய்கிற செல்விக்குப் பொறுக்கவில்லை.

"பஞ்சு கீழ வுழறதப் பாக்க நாங்க வேவணுமா மேடம்?"

"அது கீழ வுழ எம்மாம் நேரம் ஆவுதோ, அம்மாம் நேரமும் காத்து கையில இருக்குது செல்வி. அது தெரிஞ்சாத்தான் எம்மாந்தூரம் போவும்னு தெரியும்."

"தெரிஞ்சி?"

"எங்கேருந்து வந்துச்சின்னு சொல்லலாம்."

அப்புறம் அந்த விதைகளை எங்கள் கலர் பொடியில் புரட்டி, பக்கத்தில் மூடிக் கிடக்கிற பட்டறையின் புகைபோக்கி உச்சியிலிருந்து விட்டார். காலையில் நீலம், மதியம் ரோஸ், சாயங்காலம் பச்சை. பொடியின் எடையைக்கூடக் கணக்கில் சேர்த்திருந்தார். ஒரு வாரத்துக்கு ஊரெல்லாம் கலர் பஞ்சு பறந்தது. யாரோ ஒரு புண்ணியவான், தொட்டால் தோல் வெந்துவிடும் என்று வாட்ஸப்பில் போட்டுவிட்டான். போலீஸ்காரர் விசாரிக்க வந்தபோது, அவரிடமே ஒரு தாளைக் கொடுத்து, ஸ்டேஷன் வாசலில் எந்தக் கலர் எத்தனை விழுந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார் காத்து மேடம். அவரும் எழுதிக் கொடுத்தார்.

இதையெல்லாம் கேட்டுப் பிடிவாதக்காரி என்று நினைத்துவிடலாம். பிடிவாதம் இல்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல அவருக்கு வாய் வராது, அவ்வளவுதான். எங்கள் ஊரில் அது பெரிய குற்றம். செல்வியின் மகளுக்கு இழுப்பு உண்டு. ஒரு நாள் செல்வி, நான் பக்கத்தில் இருக்கும்போதே, "சூளப் பொகையாலதானே மேடம் எம் பொண்ணுக்கு இப்பிடி வருது?" என்று கேட்டாள். நான் பில் புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி காதைத் தீட்டிக்கொண்டேன்.

"தெரியாது" என்றார்.

செல்வியின் முகம் விழுந்துவிட்டது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கே ஆத்திரம். மறுநாள் செல்வி வீட்டு மாடியில் ஒரு தட்டு வைத்தார். பதினைந்து நாள் தினமும் போய் மாற்றினார். பிறகு வந்து, "பார்த்தீனியம் பூத்தூள்தான் நெறைய இருக்குது. உங்க வூட்டுக்குப் பின்னால காலி மனையில நிக்கிற செடி" என்றார். தெருவே கூடிப் பிடுங்கிப் போட்டது. குழந்தைக்கு இழுப்பும் குறைந்தது. நான் மூச்சு விட்டேன். உடனே என் பக்கம் திரும்பி, "பொகைக்கும் பங்கு இருக்கலாம் சார். அத நான் எண்ணல" என்றார். தப்பிக்க விடமாட்டார்.

அவர் வந்த இரண்டாவது வருஷம் என் அக்காவின் கொல்லைக்குச் சிக்கல் வந்தது.

அக்காவை வேப்பூர் ரோட்டில் இறங்கி உள்ளே போகிற ஒரு ஊரில் கொடுத்திருக்கிறோம். மாமா லாரியோடு போய்விடுவார். இரண்டு ஏக்கர் புன்செய்க் கொல்லையும் அக்கா ஒருத்தியின் கை. போர் போட்டிருந்ததால் மற்றவர்கள் மழைக்குக் காத்திருக்கும்போதே சித்திரைக் கடைசியில், நாங்கள் மல்லாட்டை என்கிற கடலையை விதைத்துவிட்டாள். ஆடி பிறந்தபோது அவள் செடியில் காய் பிடித்துவிட்டது, இன்னும் முற்றவில்லை. ஊரார் போட்ட மானாவாரிக் கடலை அப்போதுதான் பூவெடுத்தது. அந்த நேரம் பார்த்து ஊர்க் கடலையில் துரு நோய் விழுந்தது. இலையைத் திருப்பினால் அடியில் செங்கல் பொடி தூவின மாதிரி இருக்கும். இலை கருகிக் காய் சூம்பிவிடும்.

அக்காவின் கொல்லை ஊருக்கு மேற்கே. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. அவள் செடியிலும் துரு இருந்தது. வேறென்ன வேண்டும்? அவள் கொல்லையிலிருந்துதான் காற்றில் வந்தது, அதை உழுது அழிக்க வேண்டும் என்று ஊரில் பேச்சு எழுந்தது. பேச்சை ஆரம்பித்தவர் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். அவரும் போர்த் தண்ணீரில் சித்திரையிலேயே கடலை போட்டவர்தான். அவர் கொல்லை தென்மேற்கே, ஓடை தொடங்குகிற இடத்தில். அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

நான் காத்து மேடத்திடம் ஓடினேன். ஒரு நாள் முழுக்கக் கொல்லைகளைச் சுற்றினார். ராப்பகலாக லேப்டாப்போடு உட்கார்ந்தார். பிறகு திரையை எனக்குத் திருப்பிக் காட்டினார்.

"உங்க அக்கா கொல்லைக்கும் ஊருக்கும் நடுவுல முந்திரித் தோப்பு இருக்குது. முந்திரி தரையத் தொட்டுக்கிட்டு நிக்கிற மரம். இந்தத் தூளுல பெரும்பாலும் அதுலயே வடிகட்டி நின்னுடும். ஓடப் பள்ளத்துல ஒரு மரம் இல்ல. காத்துக்கு அதுதான் ரோடு. ரோடு முடியிற எடத்துலதான் மொதல்ல துரு வுழுந்திருக்குது."

"அப்ப தலைவர் கொல்லதானே மேடம்?"

"கணக்கு அப்பிடித்தான் சொல்லுது. தட்டு என்னா சொல்லுதுன்னு பாப்போம்."

தோப்புக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம், ஓடை நெடுக என்று இருபத்துநாலு தட்டு வைத்தோம். ஒரு வாரம். பஞ்சாயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவருக்குக் காய்ச்சல். மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. போனில் என்னைக் கூப்பிட்டு, "தட்டுங்கள எடுத்து மூடி போட்டு வெச்சிடுங்க சார். மேல விரல் படக் கூடாது" என்றார்.

நான்தான் எடுத்தேன். ஒவ்வொன்றாக, விரல் படாமல், மரத்தட்டில் அடுக்கி டெம்போவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். என் கண்ணால் பார்த்தேன். ஓடைத் தட்டுகள் எல்லாம் செக்கச் செவேல் என்று இருந்தன. தோப்பைத் தாண்டி ஊர்ப் பக்கம் வைத்த தட்டுகளில் வெறும் வாசலின். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பட்டறைக்கு வந்து பேக்கிங் மேஜைமேல் வைத்துவிட்டு மூடிகளைத் தேடினேன். அப்போது மதுரைக் கடைக்காரர் போன் செய்தார். போன மாதச் சரக்கில் பாதி பீஸ் கட்டை உடைந்துவிட்டது, உன் பேக்கிங் சரியில்லை என்று கத்தினார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நானும் கத்தினேன். கால் மணி நேரம் சண்டை.

போனை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். வைக்கோல் பெட்டிக்குள் இருபத்துநாலு தட்டும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் பளபளவென்று இருந்தது. என் கையில் துடைக்கிற துணி, அதில் சிவப்புக் கறை.

இருபது வருஷமாக அந்த மேஜையில் நின்று செய்கிற வேலை. அழுக்கோடு ஒரு சாமான் பெட்டிக்குள் போகக் கூடாது. எடு, துடை, வைக்கோலில் வை. என் வாய் மதுரையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க, என் கை என் அக்காவைத் துடைத்து எடுத்துவிட்டது. அந்தக் கையை அன்றைக்கே சூளைக்குள் விட்டிருக்க வேண்டும்.

பெட்டியோடு அவர் தங்கியிருந்த அறைக்குப் போனேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். பெட்டியைத் திறந்து ஒரு தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிளேஸு நல்லா வந்திருக்குது" என்றார்.

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மேடம், எண்ணிப் பாத்தேன், ஓடத் தட்டுலதான் துரு இருந்துச்சின்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"நம்புவாங்க. அதனாலதான் சொல்ல முடியாது."

"உங்க கணக்கும் அதத்தானே சொல்லுது?"

"கணக்கு சொல்றத சொல்றேன். எண்ணுனேன்னு சொல்ல மாட்டேன். கணக்கு தப்பா இருந்துச்சின்னா? தலைவரு கொல்லையும் ஒரு கொல்லதானே சார்?"

"எங்க அக்கா கொல்ல போயிடும் மேடம்!" கத்திவிட்டேன். காய்ச்சல்காரி என்றுகூடப் பார்க்கவில்லை.

அவர் தட்டைக் கீழே வைத்தார். "நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். ஓடத் தட்டு செவப்பா இருந்துச்சு."

"நான் பாக்கல. பாத்தது நீங்க. அத நீங்கதான் சொல்லணும்."

பஞ்சாயத்து ஆபீஸ் மைதானத்தில் மறுநாளுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குக் கூடினார்கள். காத்து மேடம் காய்ச்சலோடு வந்து நின்று, தோப்பு, ஓடை எல்லாவற்றையும் எளிமையாகச் சொன்னார். கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். முன்னாள் தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்:

"தட்டு வெச்சிருந்தீங்களே மேடம், அதுல என்னா வந்துச்சு?"

"தட்டு பாழாயிடுச்சு. பொறுப்பு என்னுது."

"அப்ப உங்களுக்குத் தெரியாது."

"முழுசாத் தெரியாது" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். நிறுத்தி, என்னைப் பார்த்தார். யார் துடைத்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். காத்திருந்தார்.

நான் கூட்டத்துக்குக் கிழக்கே பைக்குகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நான் பார்த்தேன் என்று சொல்ல நாலு வார்த்தை போதும். சொன்னால், தட்டு எங்கே என்பார்கள். துடைத்துவிட்டேன் என்று அக்காவுக்கு முன்னால் சொல்ல வேண்டும். அக்கா கூட்டத்தின் நடுவில் நின்று என்னைத் துணைக்குத் தேடிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து, ஏதோ பழுது பார்க்கிறவன் மாதிரி, பைக்கின் செயினைத் தொட்டுப் பார்த்தேன். அன்றைக்கு முழுவதும் என் விரலில் கிரீஸ் ஒட்டியிருந்தது.

அவ்வளவுதான். அக்கா கொல்லையை உழுதுவிடுவது என்று முடிவாயிற்று; டிராக்டர் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. அக்கா காத்து மேடத்தின் முன்னால் போய், "தெரியாதவ எதுக்குடி வந்த? என் புள்ள மாதிரி வளத்தன்டி அந்த மல்லாட்டைய! நீ நல்லா இருப்பியா?" என்று அலறி, குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள்.

மண் அவர் மேல் விழவில்லை. மேற்கத்திக் காற்று தூக்கிக்கொண்டு போனது. அந்த நேரத்திலும் அந்தப் பொம்பளை என்ன செய்தார் தெரியுமா? மண் எந்தப் பக்கம் போகிறது என்று திரும்பிப் பார்த்தார். அது நேராக வந்து என் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அந்த வாரமே அக்கா என்னைக் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் பக்கத்தில் அநியாயம் நடந்தால் அங்கே பிராது கட்டுவோம். யார் என்ன செய்தார் என்று தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து, மடித்து முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வர வேண்டும். சாமி விசாரித்துக்கொள்ளும். குறை தீர்ந்தால் திரும்பப் போய் ராஜினாமா எழுதிக் கட்ட வேண்டும். அக்கா பேனாவை என் கையில் திணித்தாள். "நீ எழுதுடா தம்பி. அந்தக் காத்து மேடம் பேரப் போட்டு எழுது" என்றாள். எழுதினேன். "பேரு போட்டியா?" என்றாள். போட்டுவிட்டேன் என்றேன்.

கடலைப் பட்டம் முடிந்ததும் காத்து மேடம் ஊரைவிட்டுப் போய்விட்டார். போகிற அன்று பட்டறைக்கு வந்து, மிச்சத் தட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். "சலிக்கிற எடத்துல இன்னொரு தார்ப்பாய் கட்டுங்க சார், மாசிக்கு மேல தெக்கத்திக் காத்து வரும்" என்றார். வேறு எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு நிமிஷம் கொடுத்தார் என்று பிறகுதான் புரிந்தது. நான் தார்ப்பாய் என்ன விலை ஆகும் என்று பேசிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆடியில் அக்கா கொல்லையில் கம்பு நின்றது. ஒரு கடலைச் செடி இல்லை; தலைவர் கொல்லையில் மறுபடியும் சித்திரைக் கடலை. ஓடை முடிகிற இடத்தில், அதே கொல்லைகளில், அதே துரு விழுந்தது. முன்னாள் தலைவர் டீக்கடையில் உட்கார்ந்து, "காத்துல வர்றதுக்கு யார என்னா பண்றது?" என்றார். ஊரும் ஆமாம் போட்டது. போன வருஷம் அதே காற்றுக்கு ஒரு பொம்பளையின் பெயர், கொல்லை, சர்வே எண் எல்லாம் தெரிந்திருந்தது. "எந்தக் காத்து?" என்று கேட்டேன், ஒரு வருஷம் கழித்து. அவர் சிரித்துவிட்டு இன்னொரு டீ சொன்னார்.

போன வாரம் அக்காவைப் பார்க்கப் போனேன். கம்பங்கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "கோயிலுக்குப் போயி ராஜினாமா எழுதிட்டு வந்துடலாம்டா தம்பி. அந்தம்மா சொன்னது நெசந்தான்னு ஆயிப்போச்சு. பாவம், பேரப் போட்டுக் கட்டி வெச்சிருக்கோமே" என்றாள்.

"அதுல அவங்க பேரு இல்லக்கா."

"எழுதிட்டன்னு சொன்னியேடா?"

"பேரு எழுதனேன். அவங்க பேரு இல்ல."

அவர் பெயரை அந்தத் தாளில் எழுத என் கை வரவில்லை. இந்தத் தாளிலும் எழுதவில்லை.

"பின்ன யாரு பேருடா எழுதன?"

சொன்னேன். என் பெயர், தட்டு, துணி, மதுரைப் போன், பைக் செயின், எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா களைக்கொத்தைக் கீழே வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் குனிந்தாள். அவள் கை மண்ணைத் தொடுவதைப் பார்த்தேன். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. நான் அவளுக்கு நேர் கிழக்கே நின்றிருந்தேன். நகரவில்லை.